ஏன்னு சொல்லிட்டு நகத்து

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மஞ்சக்குட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் யாரைக் கேட்டாலும், "அந்தக் கத்துற டீச்சருங்களா?" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். மூணாவது, நாலாவது, அஞ்சாவது என்று மூன்று வகுப்பையும் ஒரே அறையில் போட்டுக்கொண்டு இந்த மலையில் பாடம் நடத்துகிறவளுக்குக் கோபம் வராமல் வேறு என்னதான் வரும்? மதியம் சாப்பிட்டு முடித்ததும் மேகம் இறங்கி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். கரெண்டு போய்விடும். கரும்பலகையில் நான் எழுதியது எனக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் தூங்கியே விடுவார்கள்.

அப்படியொரு மதியம்தான், இனிமேல் தொண்டை கிழியக் கத்த என்னால் ஆகாது என்று, தரையில் சாக்பீஸால் ஆடு புலி ஆட்டத்துக்குக் கட்டம் கிழித்தேன். ஆட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் இருக்கிற புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. புலிகள் அசைய வழியில்லாமல் மடக்கிவிட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார்.

புலிக்குப் பலாக்கொட்டை எடுத்துக்கொண்டோம். ஆட்டுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் செடியிலிருந்து உதிர்ந்து கிடந்த காப்பிப் பழம். அங்கேதான் தப்புப் பண்ணினேன். பழுத்த காப்பிப் பழத்தின் சதை இனிக்கும், மலைப் பிள்ளைகளுக்கு அது மிட்டாய். ஆட்டம் பாதி நடக்கும்போது பார்த்தால் ஆடுகள் குறைந்துகொண்டே போகின்றன, புலி ஒரு வெட்டுக்கூட வெட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொருத்தர் கன்னமும் உப்பியிருந்தது.

"அடப் பாவிகளா! புலி தின்னாத ஆட்டையெல்லாம் நீங்களே தின்னுட்டா அப்புறம் என்னத்த ஆடறது?"

துப்பச் சொன்னேன். துப்பிய கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து அதையே ஆடாக்கினோம். ஒரு பழத்துக்கு ரெண்டு கொட்டை. "டீச்சர், நம்ம ஆடு குட்டி போட்டுருச்சுங்க!" என்று ஒருத்தன் கூவினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்டம் சூடு பிடித்தது. ஆனால் யோசனை ஒன்றும் காணோம். கை போன போக்கில் காய் வைத்தார்கள். மூன்றாவது நாள் என் பொறுமை போய்விட்டது. "ஏன் அங்க வெச்சே? ஏன்? வாயத் திறந்து சொல்லு. சொல்லிட்டு வை!" என்று ஒரு கத்து கத்தினேன். "சும்மாங்க டீச்சர்" என்றான் பையன். "சும்மாங்கறது ஒரு காரணமா? இனிமே இந்த அறையில எவனும் சும்மான்னு சொல்லக் கூடாது. ஏன்னு சொல்லிட்டு நகத்து, இல்லாட்டி நகத்தாதே!"

கோபத்தில் சொன்னதுதான். அதையே பிள்ளைகள் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். காரணம் சொல்லாமல் எவனாவது காயைத் தொட்டால் சுற்றி நிற்கிறதுகள் எல்லாம் "ஏன்?" என்று ஒரே குரலில் கேட்கும். அப்புறம் அந்தச் சட்டம் கட்டத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. கணக்குப் போட்டால் ஏன், சண்டை போட்டால் ஏன், என் மேலேகூட ஏன். "டீச்சர், ஏன்னு சொல்லிட்டுக் கத்துங்க" என்றது ஒரு வாண்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. காரணம் தேடிப் பார்த்தால் பல நேரம் இருக்காது, என்ன செய்வது, வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொரு ஆட்டமும் ஆடுவோம். நான் மனசில் ஒரு பொருளை நினைத்துக்கொள்வேன். அவர்கள் கேள்வி கேட்க வேண்டும், நான் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்வேன். முதலில் எல்லாம் "பலா மரமுங்களா? கொய்யாவுங்களா? நாய்க்குட்டியா?" என்று மாங்காய்க்குக் கல்லெறிகிற மாதிரி எறிந்தார்கள். கொஞ்ச நாளில், "உசுரு இருக்குதுங்களா? நாம திங்கறதுங்களா? மண்ணுக்குள்ள வெளையறதுங்களா?" என்று பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்து கேரட்டைப் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் பூரித்துப் போய்விட்டேன். இவ்வளவு மூளையை இத்தனை நாள் எங்கேயடா ஒளித்து வைத்திருந்தீர்கள் என் கண்ணுங்களா என்று இருந்தது.

அதில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அப்போது மூணாவது படித்தாள். எஸ்டேட்டில் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் இருக்கிற பிள்ளை. அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். அப்பா டவுனுக்கும் மலைமேல் ஊர்களுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். இந்தப் பிள்ளை வாயையே திறக்காது. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதற்கும் பதில் வராது. ஆனால் ஆட்டத்தில் ஆசை. காய் நகர்த்த வேண்டுமானால் பேசித்தானே ஆக வேண்டும்?

முதல் தடவை அவள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு ஆட்டைக் கொண்டுபோய் நேராகப் புலி வாயில் வைத்தாள். "ஏன்?" என்று எல்லாரும் கத்தினார்கள். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "இது போவட்டுமுங்க. இதை வெட்டுனா புலி இந்த மூலைக்கு வரும். வந்துச்சுன்னா திரும்பறதுக்கு வழியில்லீங்க."

அதேபோல் புலி வந்தது, மாட்டிக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எட்டு வயசுங்க அதுக்கு!

அவள் நாலாவது வந்த ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் ஜீப் சாவி, முகத்தில் சிடுசிடுப்பு.

"ஏனுங்க டீச்சர், இது பள்ளிக்கூடமுங்களா, வெளையாட்டு மைதானமுங்களா? புள்ள ஊட்டுக்கு வந்து சோத்துத் தட்டுல பருக்கைய வெச்சு ஆடு புலி ஆடுதுங்க. நமக்கு ஒத்து வராதுங்க. டி.சி. குடுத்துருங்க. சேலத்துல ஹாஸ்டல் வெச்ச பள்ளிக்கூடம் ஒண்ணு பாத்துட்டு வந்துட்டேன். திங்கக்கெழம கொண்டுபோய் உட்டுடறேன்."

எனக்குச் சுரீர் என்றது. "ஹெச்.எம். மீட்டிங்குக்குப் போயிருக்காங்க. டி.சி. அவங்கதான் தரணும், திங்கக்கிழமை வாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன் கேளுங்க. உங்க பொண்ணு யோசிக்கிற யோசனையில கால்வாசி உங்களுக்கும் எனக்கும் கிடையாது!" என்று ஆரம்பித்துவிட்டேன். நான் ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன். ஆனால் நடுவில் அந்தப் பிள்ளை எழுந்து நின்றது.

"ஏனுங்கப்பா?"

"என்ன ஏன்? நீ சும்மா இரு சாமி."

அறை முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டது. "சும்மா சொல்லக் கூடாதுங்க" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, சட்டம் போட்டவளே நான்தான்.

"வெளையாடிட்டே இருந்தா படிப்பு ஏறாது கண்ணு. அதுதான்."

அவள் தலையை ஆட்டினாள். "அது இல்லீங்கப்பா. போன வாரம்கூட நீங்க என்கூட ஆடுனீங்க. தோத்துட்டுச் சிரிச்சீங்க. நகத்தறதுக்கு முன்னாடி ஏன்னு நெசமாச் சொல்லணுமுங்கப்பா."

அந்த மனுஷர் பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் முழங்கால் மடங்க உட்கார்ந்துவிட்டார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே என்னிடம்தான் சொன்னார், மகளைப் பார்க்கவில்லை.

"போன வாரம் தனிச் சவாரி ஒண்ணு கெடச்சு வழக்கத்துக்கு முன்னாடியே மேல ஏறி வந்தேனுங்க. பலா மரத்து வளைவுல காட்டெரும ஒண்ணு ரோட்டோரம் நிக்குது. மலையாட்டம் நிக்குதுங்க. அதுக்குக் கொஞ்சம் தள்ளி எம்புள்ள தனியா, தலையக் குனிஞ்சுட்டு நடந்து போயிட்டிருக்குது. அது நிக்கிறதே இதுக்குத் தெரியாதுங்க. ஒண்ணும் சொல்லாம வண்டியில ஏத்திட்டு வந்துட்டேன். போன வருசம் வரைக்கும் பக்கத்து ஊட்டுப் பெரிய புள்ள கூட வந்துச்சு. அது ஆறாவதுக்கு டவுனுக்குப் போயிருச்சு. காலையில நானே வண்டியில எறக்கி உட்டுடறேன். சாயந்திரம் என் வண்டி ஆள் சேர்ந்து ஏறி வர்றதுக்கு ஆறரை ஆயிரும். இது நடந்து போற நேரம் வந்தாலே ஓட்டறதுல புத்தி நிக்க மாட்டேங்குதுங்க. நொம்ப பயமா இருக்குதுங்க டீச்சர்."

நான் கத்துவதற்கு வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பாவம், ஆட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எவ்வளவு பயத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். "திங்கக்கெழம வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் அவள் எழுந்து நடு அறைக்கு வந்தாள். ஆடு புலிக் கட்டத்தைக் கையாலேயே அழித்தாள். சாக்பீஸ் எடுத்து ஒரு நீளக் கோடு கிழித்தாள். கீழே பள்ளிக்கூடம், அதற்கு மேலே தண்ணித் தொட்டி, அப்புறம் பலா மரத்து வளைவு, கடைசியில் எஸ்டேட் கேட், அதை ஒட்டி லைன் வீடு. எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தன் பலாக்கொட்டையைக் கொண்டுவந்து வளைவில் வைத்தான். அதுதான் காட்டெருமை. காப்பிக்கொட்டை எல்லாம் பிள்ளைகள். மாட்டை மடக்குவது ஆட்டமில்லை, அது பாட்டுக்கு நிற்கட்டும். ரெண்டு பேராகப் பேசிக்கொண்டு போனால் சத்தம் கேட்டு அதுவே ஒதுங்கிவிடும். சத்தமில்லாமல் ஒற்றை ஆளாகப் போய் வளைவில் முட்டிக்கொள்வதுதான் ஆபத்து என்று மலையில் எல்லாருக்கும் தெரியும்.

தொட்டிக்கிட்ட வீடு இருக்கிற பையன் முந்திக்கொண்டான். "நான் கொண்டுபோய் உடறேன்."

"ஏன்?" என்றது கூட்டம்.

"எனக்குப் பயமில்லை."

"நீ எப்படித் திரும்பி வருவே? தனியா. அப்ப நீ வெட்டு" என்று அவன் கொட்டையை எடுத்துவிட்டாள் இன்னொருத்தி.

"ரெண்டு பேர் போலாம்! ரெண்டு பேராவே திரும்பி வந்தர்லாம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நோட்டுத் திருத்துகிற மாதிரி பாவனை செய்துகொண்டு நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் கைதட்டவில்லை.

"ஒரு வாரம் வருவீங்க. அப்புறம் மழை வரும், உங்கம்மா திட்டுவாங்க, வர மாட்டீங்க. உங்களுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை" என்றாள். யாருக்கும் கோபம் வரவில்லை. உண்மைதானே? கோட்டின் மேலே விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அப்புறம் அவளுக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "அந்தப் பக்கம் போறதுக்கு வேலை இருக்கறவங்க வேணும். ஆனா திரும்பி நடந்து வரக் கூடாது" என்றாள்.

அப்படி யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் என்னிடம் வந்து நின்றாள். எழுந்து என் மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், உங்களை ஒரு புள்ளி நகத்தலாமுங்களா?"

"என்னை என்ன ஆடுன்னு நெனச்சியா?"

"ஆமாங்க" என்றது அந்த முன்வரிசைக் குரல்.

"நீ வாயை மூடு! நீ சொல்லு கண்ணு. ஏன்?"

மூச்சு விடாமல் சொன்னாள். "பள்ளிக்கூடம் உட்டதுக்கப்புறம் பஸ்ஸுக்காக ஸ்கூல் ஸ்டாப்புல நொம்ப நேரம் நிக்கறீங்க. அந்த பஸ் மேல இருந்து எங்க எஸ்டேட் கேட்டுல நின்னுட்டுத்தானுங்க இங்க வருது. நீங்க என்கூட கேட்டு வரைக்கும் நடந்து வந்தா அங்கேயே ஏறிக்கலாம். அதே பஸ்ஸு. திரும்பி நடக்க வேண்டாம், பஸ்லயே வந்துருவீங்க. வர்ற வழி மேடுதான், மெதுவா நடக்கலாம், நேரம் இருக்குது. இங்க ஏறுனா நின்னுட்டேதான் போறீங்க, மூட்டு வலிக்குதுன்னு சொல்வீங்க. எங்க ஸ்டாப்புல ஏறுனா ஜன்னலோரம் சீட்டு கெடைக்குமுங்க."

எத்தனை வருஷமாக அந்த ஸ்டாப்பில் நின்று பஸ்ஸைத் திட்டியிருப்பேன்! ஒரு நிறுத்தம் முன்னால் போய் ஏறலாம் என்று என் புத்திக்கு எட்டியதே இல்லை. இந்தப் பொடிசு என் மூட்டுவலியைக்கூடக் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பழக்கமில்லாததால், "சரி, பாப்போம். எல்லாரும் உக்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

திங்கட்கிழமை அவர் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ஜீப்பில் ஒரு புது டிரங்குப் பெட்டி இருந்ததையும் பார்த்தேன். தரையில் கோடு அழியாமல் இருந்தது. அதன் முன்னால் அவரை உட்காரவைத்து அவள் ஒவ்வொரு காயாக நகர்த்திக் காட்டினாள். ஜீப் ஓட்டுகிறவரில்லையா, வழி சொன்னால் உடனே பிடித்துக்கொண்டார். ஓட்டையையும் உடனே பிடித்துவிட்டார்.

"டீச்சர் லீவு போட்டா?"

"நான் லீவே போடறவ இல்லீங்க!" என்றேன் நான்.

"போடுவாங்கப்பா, போன வாரம்கூடப் போட்டாங்க" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலேயே. "அன்னிக்கு மட்டும் தொட்டிக்கிட்ட இவன் ஊட்டுல இருக்கறேன். நீங்க வண்டியில வரும்போது ஏத்திட்டுப் போங்க."

அவர் நிமிர்ந்தார். "அப்ப தெனமும் அப்படியே இருந்துக்கலாமே சாமி? டீச்சருக்கு எதுக்குச் சிரமம்?"

நியாயமான கேள்வி. அவளும் இதை யோசித்திருக்க வேண்டும், யோசித்துத்தான் ஒதுக்கியிருக்க வேண்டும். ஏன்? அவள் கோட்டின் கடைசியில் லைன் வீட்டுக்கு வைத்த புள்ளியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னு சொல்லிரு கண்ணு" என்றேன். இந்தத் தடவை நான் கத்தவில்லை.

"ஊடு இருட்டாக் கெடக்குமுங்க" என்றாள். "அம்மா இருந்தப்ப, நீங்க ஒவ்வொரு ட்ரிப்பும் வளைவுல திரும்பும்போது லைட்டைப் பாத்துட்டு ஆரன் அடிப்பீங்க. இப்பவும் அடிக்கறீங்க, நான் லைட்டுப் போட்டு வெக்கறேன். நான் அவங்க ஊட்டுல இருந்தா லைட்டு இருக்காது." அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "சேலத்துக்குப் போயிட்டேன்னா யாருக்குங்கப்பா ஆரன் அடிப்பீங்க?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன், மறைப்பானேன், அழுதேவிட்டேன். அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க டீச்சர், உங்களால அந்த மேடு ஏற முடியுமுங்களா?"

"ஏன் முடியாது? எனக்குச் சீட்டு வேணுமுங்க" என்றேன்.

டி.சி. கேட்காமலேயே போனார். அந்த டிரங்குப் பெட்டியில் இப்போது அரிசி வைத்திருக்கிறார்களாம்.

அவள் இப்போது அஞ்சாவது. சாயங்காலம் ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் மேடு ஏறுகிறோம். மாடு ஒதுங்கட்டும் என்று வழி நெடுக அந்தக் கேள்வி ஆட்டம்தான், சத்தமாக. வாயைத் திறக்காத பிள்ளையா இது என்று இருக்கிறது. என் மனசில் இருப்பதை வளைவு வருவதற்குள் பிடித்துவிடுகிறாள், அவள் நினைப்பதை எஸ்டேட் கேட் வரைக்கும் போனாலும் என்னால் பிடிக்க முடிவதில்லை. தோற்றுத் தோற்று எனக்குக் கோபமாக வருகிறது. கேட்டில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருவேன். பஸ் கிளம்பும்போது லைன் வீட்டில் விளக்கு எரியும், பொழுது இருக்கும்போதே.

டவுன் ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது அவர் ஜீப் ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஒன்றும் கேட்க மாட்டார். பஸ் ஜன்னலைப் பார்ப்பார். நான் உட்கார்ந்து வந்தால் எஸ்டேட் கேட்டில் ஏறினேன் என்று அர்த்தம், பிள்ளை வீடு சேர்ந்துவிட்டது. நின்றுகொண்டு வந்தால் அங்கே போகவில்லை என்று அர்த்தம். இதை நாங்கள் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார். மகளுக்கு மூளை எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஒரு நாள் ஸ்கூல் ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணுக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றேன். ஸ்டாண்டில் என்னை நிற்கிற கோலத்தில் பார்த்ததும் அவர் ஓடி வந்த வேகத்தை மறக்க மாட்டேன். முகத்தில் ரத்தமே இல்லை. "ஊட்டுலதான் இருக்குதுங்க, லைட்டுப் போட்டுட்டா, நான் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பஸ் படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து யார் வந்து நின்றாலும் நான் சீட்டை விட்டுக் கொடுப்பதில்லை. கத்துற டீச்சர் என்று ஏற்கெனவே பேர். இப்போது, கைக்குழந்தைக்காரி வந்து நின்றால்கூட அந்தம்மா அசையாது, கல்நெஞ்சுக்காரி என்றும் பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். என் காதில் விழுகிற மாதிரியே பேசுகிறார்கள். பேசட்டும். இத்தனை பேர் பேசுகிறார்களே, ஒருத்தராவது ஏன் என்று கேட்கவில்லை.